முழு ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாம எதுவரைக்கும் வைத்தியம் பாக்கலாம்?

நான் டாக்டரும் இல்ல வக்கீலும் இல்லீங்க. சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில ஆஃபீஸ் வேலை, டாக்டருங்க சர்டிஃபிகேட் வாங்கி ஃபைல் போடறது, ஜே.டி. ஆஃபீஸ்க்கு, அதாங்க மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் ஆஃபீஸ்க்கு பேப்பர் அனுப்பறது, இன்சூரன்ஸ்காரங்க கேட்டா ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எடுத்துக் குடுக்கறது, இதான் பொழப்பு. இதுல இருக்கேன்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்க எல்லாம் ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேப்பாங்க. "பையன் ஹவுஸ் சர்ஜன் பண்றான், நைட்டு ஒரு கிளினிக்ல உக்காந்தா என்ன?" "பொண்ணு வெளிநாட்டுல முடிச்சிட்டு வந்துட்டா, எக்ஸாம் ரிசல்ட் வர்ற வரைக்கும் எங்கயாச்சும் போகட்டுமே?" "ஏற்காட்டுல கேம்ப் போடறோம், லண்டன்ல இருந்து ஒரு டாக்டர் வர்றார், அவர் பாக்கலாமில்ல?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனித்தனியா சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதான் ஒரே தடவையா எழுதிடறேன்.

மொதல்ல அடிப்படை. 2019-ல போட்ட தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2020 செப்டம்பர் 25-ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுல 34-வது பிரிவு ஒண்ணு இருக்கு, இத மட்டும் மனப்பாடம் பண்ணிக்கங்க. மாநில ரெஜிஸ்டர்லயோ தேசிய ரெஜிஸ்டர்லயோ பேர் இருக்கறவங்க மட்டும்தான் டாக்டரா பிராக்டீஸ் பண்ணலாம், டாக்டர் போஸ்ட்ல உக்காரலாம், டாக்டர் கையெழுத்து வேணும்னு சட்டம் சொல்ற சர்டிஃபிகேட்ல கையெழுத்து போடலாம், கோர்ட்ல மருத்துவ நிபுணரா சாட்சி சொல்லலாம். மீறினா 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 5 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். பழைய 1956 சட்டத்துல அபராதம் வெறும் 1,000 ரூபாய்தான், அதனால அந்தக் காலத்து ஆளுங்க இன்னமும் "ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்"னு பேசிட்டு இருக்காங்க, அவங்க பேச்ச கேக்காதீங்க.

இதுக்கு விலக்கு இருக்கா? இருக்கு, நெறையவே இருக்கு. ஆனா விலக்கு குடுக்கறப்ப சட்டம் ஆளோட தெறமைய பாத்து குடுக்கறதில்லீங்க. எந்த எடத்துல, எத்தன நாளைக்கு, யார் மேற்பார்வையில, இந்த மூணையும் கட்டிப் போட்டுத்தான் குடுக்குது. அதனால உங்களுக்கு ஏதாவது ஆஃபர் வந்தா "எனக்கு இது தெரியுமா"ன்னு யோசிக்காம இந்த மூணு கேள்விய போட்டுப் பாருங்க. ஒண்ணு ஒத்து வரலைன்னாலும் நீங்க விலக்குக்கு வெளிய நிக்கறீங்க.

ஹவுஸ் சர்ஜன், அதாவது இன்டர்ன்ஷிப் பண்ற பசங்க, அவங்கள்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இங்கதான் அதிகமா கால் வழுக்கும். எம்.பி.பி.எஸ். கடைசி பரீட்சை பாஸ் ஆனதும் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்ல ப்ரொவிஷனல் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது முழுசுக்கு முன்னாடி தர்ற இடைக்காலப் பதிவு குடுப்பாங்க. 12 மாசம் கட்டாய இன்டர்ன்ஷிப், 2021-ல வந்த விதிமுறைப்படி. நம்ம மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில, அதாங்க ஜி.ஹெச்.ல, காஷுவாலிட்டி வாசல்ல நின்னு பாருங்க, வெள்ளக் கோட்டு மாட்டிட்டு ஐ.வி. லைன் போடறதும் ரத்தம் எடுக்கறதும் தையல் போடறதும் பாதிக்கு மேல இந்தப் பசங்கதான். அது தப்பே இல்ல, விலக்கே அதுக்குத்தான். எடம் அந்த காலேஜ் ஆஸ்பத்திரி, காலம் அந்த 12 மாசம், மேல பாக்கறது அந்த யூனிட் டாக்டர். மூணும் ஒத்து வருது.

இப்ப அதே பையன் சாயங்காலம் பைக் எடுத்துட்டு போயி ஒரு கிளினிக்ல உக்கார்றான்னு வைங்க. கையில இருக்கற தெறமை அதேதான், காலையில போட்ட அதே தையல்தான். ஆனா எடம் மாறிப் போச்சு, மேல பாக்க ஆளும் இல்ல, அப்ப ப்ரொவிஷனல் ரெஜிஸ்ட்ரேஷன் அந்த கிளினிக்குள்ள வெறும் பேப்பர். இன்னொண்ணு, ஜி.ஹெச்.குள்ளயே இருந்தாலும் இன்டர்ன் தன்னோட கையெழுத்துல மெடிக்கல் சர்டிஃபிகேட், டெத் சர்டிஃபிகேட், போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்ட பேப்பர் எதையும் குடுக்கக் கூடாதுன்னு விதியிலயே இருக்கு. "மாமா, ஆஃபீஸ்க்கு ரெண்டு நாள் லீவு, ஒரு சர்டிஃபிகேட் போட்டுக் குடு"ன்னு நம்ம வீட்டு ஆளுங்களே அந்தப் பையன கேப்பாங்க பாருங்க, தயவு செஞ்சு கேக்காதீங்க.

ஸ்டூடண்ட்ஸ் விஷயம் இன்னும் சுருக்கம். எம்.பி.பி.எஸ். படிக்கறப்ப வாத்தியார் பக்கத்துல நின்னா கத்துக்கலாம், மருந்து எழுதற உரிமை இல்ல. 2021 மே 3-ஆம் தேதி, கொரோனா ரெண்டாவது அலை உச்சத்துல, கடைசி வருஷ ஸ்டூடண்ட்ஸ லேசான கேஸ்களுக்கு போன்ல ஆலோசனை சொல்லவும் கண்காணிக்கவும் பயன்படுத்திக்கலாம்னு மத்திய அரசு சொன்னுச்சு. அப்பவும் "ஃபேகல்ட்டி மேற்பார்வையில"ன்னுதான் சொன்னாங்க. அந்த ஞாபகத்துல "கொரோனாவுல நாங்க பாத்தோமே"ன்னு இப்ப யாராவது சொன்னா, அந்தக் காலம் முடிஞ்சு போச்சு தம்பி.

அடுத்து வெளிநாட்டுல படிச்சிட்டு வர்றவங்க. எங்க சித்தி பையன் கதைய சொல்லிடறேன், பேர் வேணாம். சோவியத்தா இருந்த ஒரு நாட்டுல ஆறு வருஷம் முடிச்சிட்டு வந்தான். இங்க வந்தா ஸ்கிரீனிங் டெஸ்ட், எஃப்.எம்.ஜி.இ., 300-க்கு 150 எடுக்கணும். ரெண்டு தடவ எழுதியும் கெடைக்கல. வீட்டுல பேச்சு தாங்க முடியாம இருந்தப்ப ஒரு எடத்துல நைட் ட்யூட்டிக்கு கூப்டாங்க. "நீ கேஸ் ஷீட் மட்டும் எழுது, காலையில நான் வந்து கையெழுத்து போட்டுடறேன்"னு சொல்லியிருக்கார் அந்த டாக்டர். மொத நாள் போனவன் மேஜ டிராயர தொறந்து பாத்தா ஒரு கட்டு லெட்டர்பேடு, ஒவ்வொரு ஷீட்லயும் கீழ கையெழுத்தும் சீலும் ஏற்கனவே போட்டு வச்சிருக்கு, மேல முழுக்க காலி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு எனக்கு போன் பண்ணி "அண்ணா இது சரியாண்ணா"ன்னு கேட்டான். நீ மொதல்ல வெளிய வா, மத்தத காலையில பேசிக்கலாம்னேன். வந்துட்டான், பாதி ராத்திரியில பஸ் இல்லாம நாலு ரோட்டுல இருந்து நடந்தே வீட்டுக்கு.

அன்னைக்கு ஏன் அவ்ளோ பதறினேன்னா, ஏதாவது ஒரு உயிர் போயிருந்தா அவன் டாக்டர் கணக்குல வர மாட்டான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா 2024 ஜூலை 1-ல இருந்து இருக்கற பாரதிய நியாய சன்ஹிதாவுல 106-வது பிரிவு, கவனக்குறைவால மரணம்னா சாதாரண ஆளுக்கு 5 வருஷம் வரைக்கும், ரெஜிஸ்டர் பண்ண டாக்டர் மெடிக்கல் ப்ரொசீஜர் பண்றப்ப நடந்தா 2 வருஷம் வரைக்கும். அந்த ரெண்டு வருஷ சலுக ரெஜிஸ்டர்ல பேர் இருக்கறவனுக்கு மட்டும்னு விளக்கமும் அங்கயே போட்டிருக்கு. போதாததுக்கு 34-வது பிரிவு தனியா, ஏமாத்தினான்னு கேஸ் தனியா. அந்தப் பெரிய டாக்டருக்கும் சேத்துத்தான் சொல்றேன், தகுதி இல்லாத ஆளுக்கு தன் பேர மறைப்பா குடுக்கறது டாக்டருங்களுக்கான 2002 நடத்த விதிப்படி குத்தம், கவுன்சில் ரெஜிஸ்டர்ல இருந்து அவர் பேரையே எடுக்கலாம். 2023-ல புது நடத்த விதி வந்துச்சு, ஆனா அந்த ஆகஸ்ட் மாசமே நிறுத்தி வச்சுட்டாங்க, பழசே ஓடுது.

சரி, ஸ்கிரீனிங் டெஸ்ட்ல இருந்தே விலக்கு உண்டான்னா, உண்டு, ஆனா ரொம்ப குறுகலான வாசல். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்த அஞ்சுல அடிப்படை டாக்டர் டிகிரியும் வாங்கி, பி.ஜி.யும் (பட்ட மேற்படிப்பு) முடிச்சு, அங்க டாக்டரா பதிவும் ஆகியிருந்தா டெஸ்ட் வேணாம். இதத்தான் நம்மாளுங்க தப்பா புரிஞ்சுக்கறாங்க, சீனாவுல எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு இங்கிலாந்துல போயி ஒரு பரீட்சை பாஸ் பண்ணிட்டா போதும்னு. போதாது. டெஸ்ட் பாஸ் ஆனாலும் நேரா கிளினிக் போட முடியாது, இங்க ஒதுக்கற ஆஸ்பத்திரியில ப்ரொவிஷனல்ல ஒரு வருஷம் மேற்பார்வையில பண்ணணும். 2021 நவம்பர் 18-க்கு அப்புறம் சேந்தவங்களுக்கு விதி இன்னும் கடுசு, கோர்ஸே கொறஞ்சது 54 மாசம் இருக்கணும், அதுக்கு மேல படிச்ச அதே காலேஜ்ல 12 மாசம் இன்டர்ன்ஷிப், அப்புறம் இங்க ஒரு 12. ஏஜெண்ட்கிட்ட பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க, கட்டின பொறவு கேட்டு என்ன பிரயோஜனம்.

பி.ஜி. பண்றவங்களுக்கு முழு ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கறதால லைசென்ஸ் பிரச்சனை வர்றதில்ல, அவங்களுக்கு சிக்கல் வேற, படிக்கறப்ப தனியா பிராக்டீஸ் பண்ணக் கூடாது. நடுவுல மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பறாங்களே, டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி, அது காலேஜ் ட்ரெயினிங்கோட தொடர்ச்சிதான், அதனால கவலை வேணாம். வெளிநாட்டுக்காரங்க இங்க வந்து பி.ஜி. படிச்சா தற்காலிக ரெஜிஸ்ட்ரேஷன் குடுப்பாங்க, படிப்பு காலம் வரைக்கும், அந்த காலேஜுக்குள்ள மட்டும், அதுவும் அவங்க ஊர்ல டாக்டரா பதிவு ஆகியிருந்தாத்தான். எடம், நாள், மேற்பார்வை, மூணும் ஒரே வரியில இருக்கு பாத்தீங்களா.

இப்ப ஏற்காடு. கேம்ப் போடற ஆளுங்க இத கொஞ்சம் நின்னு படிங்க. வெளிநாட்டு டாக்டர் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி, ஃப்ரீயா பாத்தாலும் சரி, நம்ம நாட்டுல ஒரு பேஷண்ட்டுக்கு மருந்து எழுதணும்னா முன்கூட்டியே தேசிய மருத்துவ ஆணையத்துகிட்ட தற்காலிக ரெஜிஸ்ட்ரேஷன் வாங்கணும். 34-வது பிரிவுலயே அதுக்கு ஒரு வழி விட்டிருக்காங்க. "காசு வாங்கல, சேவைதானே"ங்கறது பதில் இல்ல. நான் கூடமாட போன ஒரு கேம்ப்ல, எஸ்டேட் பக்கத்து ஸ்கூல் வராண்டாவுல, கடைசி நேரத்துல இது தெரிய வந்து அந்த வெள்ளக்கார டாக்டரம்மா அன்னைக்கு முழுக்க பெஞ்சுல உக்காந்து கொழந்தைங்களுக்கு கை கழுவறது எப்படின்னு பாட்டு மாதிரி சொல்லிக் குடுத்தாங்க, பேஷண்ட் பாத்தது சேலத்துல இருந்து போன நம்ம டாக்டர். சொல்லிக் குடுக்கறதுக்கு யாரும் லைசென்ஸ் கேக்கறதில்ல. ப்ரஷர், எடை பாக்கறதுக்கு வாலண்டியர் போதும், ஆனா "இந்த மாத்திரைய போடுங்க"ன்னு வாய தொறந்தா அங்க கோடு இருக்கு.

மலையில டாக்டர் கெடைக்காத எடத்துக்கு சட்டமே சில வழி வச்சிருக்கு. நாகலூர்ல எங்க அத்த வீடு, அங்க வி.ஹெச்.என். அம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர் வந்து கர்ப்பிணிங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுப்பாங்க, அவங்ககிட்ட டாக்டர் பட்டமும் இல்ல, மருந்துக்கடை லைசென்ஸும் இல்ல. மருந்து விதிகள்ல ஷெட்யூல் கே-ன்னு ஒரு பட்டியல், அதுல ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் சார்ந்த நர்ஸுங்க, அங்கன்வாடி ஊழியருங்க குடுக்கற மருந்துக்கு விற்பனை லைசென்ஸ்ல இருந்து விலக்கு இருக்கு. இதையே காட்டி பக்கத்து ஊர்ல ரிட்டயர்டு நர்ஸ் ஒருத்தர் வீட்டுல ஊசி போட ஆரம்பிச்சா அது இந்த விலக்குக்குள்ள வராது, ஏன்னா அவங்க இப்ப எந்த நிலையத்தோடயும் சேந்தவங்க இல்ல. 2021 ஆகஸ்ட் 5 கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்களே மக்களைத் தேடி மருத்துவம், அதுல வீட்டுக்கு வந்து சுகர் மாத்திரை, ப்ரஷர் மாத்திரை குடுக்கற அக்காங்களும் டாக்டர் ஏற்கனவே எழுதினதத்தான் கொண்டு வந்து தர்றாங்க, அவங்களா எழுதறது இல்ல.

ஷெட்யூல் கே-ல டாக்டருங்களுக்கும் ஒண்ணு உண்டு. டாக்டர் தன்னோட சொந்த பேஷண்ட்டுக்கு மட்டும் மருந்து குடுக்கலாம், மருந்துக்கடை லைசென்ஸ் தேவையில்ல, ஆனா கடை மாதிரி தொறந்து வச்சு வர்றவன் போறவனுக்கெல்லாம் விக்கக் கூடாது. மெதுவா ஒரு கண்ணாடி அலமாரி, அப்புறம் ஒரு கல்லாப் பெட்டின்னு வளந்தா வந்து பிடிச்சுக்குவாங்க.

போன் வழியா பாக்கறதும் மலைக்கு ரொம்ப உதவி. 2020 மார்ச் 25-ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி ரெஜிஸ்டர் பண்ண டாக்டர் நாட்டுல எந்த மூலையில இருக்கற பேஷண்ட்டையும் பாக்கலாம், சேலத்துல உக்காந்துட்டு மலையில இருக்கற வெள்ளக்கடை கிராமத்துக்கும் பாக்கலாம், பேஷண்ட் பக்கத்துல இருக்கற ஹெல்த் வொர்க்கர் போன புடிச்சு ப்ரஷர் பாத்து சொல்லலாம். தூக்க மாத்திரை மாதிரி கட்டுப்பாடு உள்ள மருந்துகள போன்ல எழுத முடியாது. ரெஜிஸ்டர்ல பேர் இல்லாதவங்களுக்கு போன்லயும் உரிமை இல்லைங்கறத தனியா சொல்ல வேண்டியதில்ல.

சித்தா, ஹோமியோ படிச்ச ட்யூட்டி டாக்டருங்க விஷயம் கொஞ்சம் முள்ளு. சேலத்துல பல தனியார் ஆஸ்பத்திரியில நைட் ட்யூட்டி அவங்கதான்னு எல்லாருக்கும் தெரியும். 1996-ல பூனம் வர்மா கேஸ்ல, ஹோமியோ படிச்சவர் அலோபதி மருந்து குடுத்தது அதுவே கவனக்குறைவுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 1998-ல முக்தியார் சந்த் கேஸ்ல, மாநில அரசு சட்டப்படி அனுமதிச்சிருந்தா மட்டும் இந்திய மருத்துவம் படிச்சவங்க அலோபதி மருந்து எழுதலாம்னு ஒரு வழி விட்டாங்க. அத வச்சு 2010 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு ஜி.ஓ. (அரசாணை) 248 போட்டுச்சு, காலேஜ்ல முறையா படிச்சு பதிவான சித்தா, ஆயுர்வேதா, யுனானி, ஹோமியோ டாக்டருங்க அவங்க படிப்புல பெற்ற பயிற்சி அளவுக்கு நவீன மருத்துவமும் பாக்கலாம்னு. இந்த அளவுக்குங்கற வார்த்தையிலதான் எல்லா சண்டையும். எங்க ஆஸ்பத்திரியில நான் பண்றது, அவங்க ஃபைல்ல அவங்க கவுன்சில் சர்டிஃபிகேட், அந்த ஜி.ஓ. நகல் ரெண்டும் வைப்பேன், பேட்ஜ்ல பட்டத்த முழுசா போடுவேன், பேஷண்ட்டுக்கு யார் பாக்கறாங்கன்னு தெரியணும், எம்.பி.பி.எஸ். சீல அவங்க தொடவே கூடாது.

பரம்பரை வைத்தியம்னா மனசு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலையில மலையாளிங்கற பழங்குடி சனங்ககிட்ட பச்சிலை தெரிஞ்ச பெரியவங்க இருக்காங்க, அவங்க கைய நம்பித்தான் எங்க பாட்டி காலம் ஓடுச்சு. ஆனா 2018 ஏப்ரல்ல கேரள வைத்தியருங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட், பரம்பரை அறிவு மட்டும் பிராக்டீஸ் பண்ற உரிமைய தராது, அங்கீகரிச்ச தகுதியும் பதிவும் வேணும்னு தெளிவா சொல்லிடுச்சு. முன்னாடியே பழைய சட்டப்படி பதிவு ஆனவங்க இருக்காங்க, அவங்க வேற. அதே மாதிரி "கம்யூனிட்டி மெடிக்கல்" "ஆர்.எம்.பி."ன்னு தபால்ல வர்ற சர்டிஃபிகேட்ட மாட்டி வச்சிருக்கற கிளினிக்க பாத்தா ஒதுங்கிடுங்க. 2019 சட்டத்துல 32-வது பிரிவுல சமுதாய சுகாதார வழங்குநர்னு ஒரு மட்டுப்பட்ட லைசென்ஸ் சொல்லியிருக்கு, அத ஆணையம் குடுக்கணும், ஏதோ இன்ஸ்டிடியூட் குடுக்க முடியாது.

விபத்து? ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, எங்கயாச்சும் ஒரு பைக் கெடக்கும். அங்க லைசென்ஸ் கேள்வியே எழாது. உயிர் ஆபத்துல இருக்கறவருக்கு நல்ல எண்ணத்தோட செய்யற உதவிக்கு நியாய சன்ஹிதா 30-வது பிரிவு பாதுகாப்பு தருது, மோட்டார் வாகன சட்டத்துல 134-ஏ பிரிவும் உதவி பண்ணவங்கள காப்பாத்துது. ரத்தத்த அழுத்திப் புடிங்க, 108 அடிங்க. ஹவுஸ் சர்ஜன், ஸ்டூடண்ட் யாரா இருந்தாலும் பண்ணலாம். மறுநாள் அதே பேஷண்ட்டுக்கு வீட்டுல போயி ட்ரிப் போடறது அவசரம் இல்ல, அத குழப்பிக்காதீங்க.

செக் பண்றது எப்படின்னு கேட்டீங்கன்னா, ப்ரிஸ்கிரிப்ஷன், சர்டிஃபிகேட், பில் எல்லாத்துலயும் டாக்டரோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் போடணும்னு 2002 விதியிலயே இருக்கு, மொதல்ல அத பாருங்க. அப்புறம் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்லயோ தேசிய ஆணைய வெப்சைட்லயோ பேரையும் நம்பரையும் போட்டு தேடுங்க. நம்பர் மட்டும் ஒத்துப் போனா நம்பிடாதீங்க, அப்பா பேர், பாஸ் ஆன வருஷம், காலேஜ் மூணையும் பாருங்க, அடுத்தவங்க நம்பர எடுத்து போடற ஆளுங்களும் இருக்காங்க. வேலைக்கு சேக்கறீங்கன்னா ஒரிஜினல கையில வாங்கி பாருங்க, மேல ப்ரொவிஷனல்னு போட்டிருக்கான்னு. ஜெராக்ஸ்ல அந்த வார்த்தை மட்டும் மடிஞ்சு மறைஞ்சு வந்தத நானே ரெண்டு தடவ பாத்திருக்கேன்.

சித்தி பையன் மூணாவது தடவ பாஸ் பண்ணிட்டான், ஒரு வருஷம் முடிச்சு முழு ரெஜிஸ்ட்ரேஷனும் வாங்கிட்டான். சர்டிஃபிகேட்ட எடுத்துட்டு இனிப்போட எங்க ஆஃபீஸ்க்கே வந்தான். இனிப்ப வாயில போட்டுட்டே பழக்கத்துல அவன் நம்பரையும் வெப்சைட்ல போட்டுப் பாத்தேன், இனிஷியல் தப்பா ஏறியிருந்துச்சு. அத திருத்த மறுபடி சென்னை அரும்பாக்கத்துல இருக்கற கவுன்சில் ஆஃபீஸ்க்கு ட்ரெயின் ஏத்திவிட்டேன்.